பல் இல்லாத பட்டாம்பூச்சி

மார்ச் 2, 2024, சனி

கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடி பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மதியம் ஓர் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, நான் தபால்தலை சேர்ப்பவள் என்று கேள்விப்பட்டு நேராக என்னிடம் வந்தார். பெயர் திலகவதி, ஊர் மலாக்கா பக்கம் புலாவ் செபாங். கணவர் கணேசமூர்த்தி போன வருடம் இறந்துவிட்டார். நான் தபால்தலைச் சங்கத்தில் சேர்வதற்கு முன்பே அவர் விலகிவிட்டவர். ஏன் என்று திலகவதி அக்காதான் சொன்னார்.

கணவரிடம் பல் இல்லாத தபால்தலை ஒன்று இருந்ததாம். கிழித்தால் விளிம்பு பல் பல்லாக வரும்படி ஓரத்தில் குத்தும் துளைகள் அச்சகத்தில் விட்டுப்போன தலை. நிஜமாக அப்படி வந்திருந்தால் அபூர்வம். சங்கத்தில் காட்டியபோது தலைவர் ரங்கசாமி, "கத்திரிக்கோல் இருந்தா என் வீட்லயும் நிறைய இருக்கும்லா" என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மனிதர் அப்புறம் போகவே இல்லை.

"விக்கறதுக்கு இல்ல தங்கச்சி. அவரு வெட்டினாரா இல்லையா, அது தெரிஞ்சா போதும். என்கிட்ட அவரு பொய் சொன்னதில்ல. ஆனா எனக்கு ஸ்டாம்பு தெரியாதே."

வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

பழைய உறையிலிருந்து வெட்டிய துண்டு. அதில் ஒட்டியபடியே பத்துக் காசுத் தலை, பட்டாம்பூச்சிப் படம். தலையிலும் உறையிலுமாக ஜாசின் தபால் முத்திரை, 1976. மலாக்காவில் பழைய சாமான் விற்பவரிடம் கணவர் வாங்கியதாம்.

இடது ஓரம் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது. நிஜமாகவே பல் இல்லாமல் வந்ததோ? சமையல் ஓடவில்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அதே தலை, பல்லோடு, என் ஆல்பத்தில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துளையே போடாத தலை என்றால் ஏறக்குறைய அதே அளவாவது இருக்க வேண்டும். இதுவோ நாலு பக்கமும் குறைகிறது, பல்லின் நீளத்துக்குக் குறைகிறது. கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸில் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். பிறை மாதிரி ஒரு குழிவு. துளையின் மிச்சம்.

வெட்டியதுதான்.

எப்படிச் சொல்வது?

மார்ச் 6, புதன்

சொல்லிவிட்டேன். போனில்தான். முழுதும் கேட்டுவிட்டு, "சரிம்மா. அப்ப அவங்க சிரிச்சது சரிதான்" என்றார். வைத்துவிட்டார்.

என்ன காரியம் செய்தேன் — அந்தம்மா கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. வெட்டியதா என்று அவர் கேட்கவே இல்லையே. கணவர் வெட்டினாரா என்றுதானே கேட்டார்.

மார்ச் 9, சனி

முத்திரை! இத்தனை நாளாகத் தலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பார்க்க வேண்டியது முத்திரையை.

முத்திரையின் வளையம் தலையிலிருந்து உறைக்கு இறங்குகிறது. விளிம்பில் ஓர் இடத்திலும் அறுபடவில்லை. தபாலில் போன பிறகு யாராவது பல்லை வெட்டியிருந்தால், பல் மறைத்திருந்த இடத்தில் மை படாத வெள்ளைக் கோடு இருந்திருக்கும். இல்லை. தலையைப் பிரித்து, வெட்டி, திரும்ப ஒட்டியிருந்தாலும் வளையம் இப்படிச் சேராது. வெட்டிய விளிம்பின் மேலேயே மை வழிந்திருக்கிறது.

அப்படியானால் முத்திரை குத்துவதற்கு முன்பே வெட்டியாகிவிட்டது. 1976இல் கடிதம் போட்ட யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கணேசமூர்த்தி அண்ணனுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. தலை அவர் நினைத்த தலை இல்லை. ஆனால் அவர் நம்பித்தான் காட்டியிருக்கிறார்.

போன் செய்தேன். அக்கா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நாளைக்கு உங்க மீட்டிங் இருக்குதானே, நானும் வரேன்" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

ரங்கசாமி அங்கிளுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. நான் சொன்னதும் எழுந்து நின்றார். துண்டையும் லென்ஸையும் அவர் முன் வைத்தேன். முத்திரையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வெளிச்சத்துக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இது அவரு வெட்டல" என்றார்.

"அன்னைக்கு இப்படிப் பாத்தீங்களா அங்கிள்?" அக்கா குரலை உயர்த்தவில்லை.

"இல்லம்மா. கையில வாங்கவே இல்ல."

அவர் துண்டை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அழுதார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

யார் வெட்டியிருப்பார்கள்? பல் பல்லாக இருப்பது பிடிக்காத ஆளோ? நினைத்து நினைத்துச் சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 6, சனி

கடை திறந்ததுமே திலகவதி அக்கா. அண்ணனுடைய ஆல்பங்களைச் சங்கத்துக்குக் கொடுத்துவிடப் போவதாகத்தான் முன்பு சொல்லியிருந்தார். இன்று அதில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பிரித்தார்.

"இந்தக் கவர்ல ஸ்டாம்ப ஏன் தலைகீழா ஒட்டியிருக்கு? அவசரமா, வேணும்னேவா? தபாலாபீஸ் சாப் மட்டும் நேராத்தானே இருக்கு."

எனக்கும் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.