மலை ஏறாத வருடம்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் இலையுதிர்காலம் இது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெருவில் உங்கள் மாதப் படையலுக்கு வாழையிலை வாங்கப் போனாலும் மனசு என்னவோ ஆல்ப்ஸ் மலைச்சரிவில்தான் கிடக்கிறது.

மூஃப்லோன் என்று ஆரம்பித்தாலே, "பாரீசுல பொறந்துட்டு ஆடு மேய்க்கப் போறியா?" என்று சிரிப்பீர்கள். மேய்ப்பதில்லை அப்பா, எண்ணுகிறேன்; அதுதான் என் வேலை. சுருண்ட கொம்பு வைத்த காட்டாடு அது. வருடத்தில் பெரும்பாலும் கிடாக்கள் தனிக் கூட்டம், பெட்டைகளும் குட்டிகளும் தனிக் கூட்டம். இப்போதுதான் கிடாக்கள் பெட்டைகளைத் தேடி வந்து கொம்போடு கொம்பு மோதும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து எண்ணக் கிடைக்கிற சமயம்.

நான் பின்தொடரும் கூட்டத்தை நடத்துவது முகம் வெளுத்த ஒரு கிழட்டுப் பெட்டை. கோடையில் அந்தப் பக்கம் ஓநாய் வந்துவிட்டதாம். இந்த ஆடுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: பயந்து ஓடும், கொஞ்ச தூரத்திலேயே நின்று திரும்பிப் பார்க்கும். ஓநாய்க்கு அது போதாதா? கணக்கெடுக்க வேறு ஆள் போகலாம். அவளை அடையாளம் தெரிந்தவள் நான் மட்டும்தான். இருக்கிறாளா, போய்விட்டாளா?

நேற்று இலைக் கடையில் அத்தையிடம், நாளைக்கு மலைக்குக் கிளம்புகிறேன் என்றேன். புறநகர் செவ்ரானிலிருந்து படையலுக்காக வந்திருந்தார். "கொள்ளி வெச்சவ வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறக்கூடாதுடி!" என்று கத்தினார்.

உங்கள் தங்கைதான் அப்பா! இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தான். தகனசாலையில் அதை அழுத்தப் போன என் கையைப் பிடித்து இழுத்தது இதே அத்தைதான். உங்கள் சித்தப்பா பேரனை வேறு தயாராக நிறுத்தியிருந்தார். நான் விடவில்லை.

"பொம்பள வெச்சா அது கொள்ளியான்னு அன்னைக்குக் கேட்டீங்களே. அப்புறம் எனக்கென்ன தடை?"

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "வெச்சுட்டியே" என்றார்.

"பிள்ளை, இலை கிழியப்போகுது, கவனம்" என்றார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இலையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

கடை இருக்கும் ரூ பஜோல் தெருவில் மேலும் கீழுமாக எத்தனை முறை நடந்தேனோ. சடங்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, தெரியும்தானே? ஆனால் ஏறிவிட்டால், அன்று நான் செய்தது சும்மா என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? கோபமாக வருகிறது. உங்களை நினைத்து அழுகையும் வருகிறது.

இன்று காலை மேலதிகாரிக்கு போன் செய்து, வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

மூஃப்லோனுக்கு ஆழமான பனியில் நடக்க வராது. பனி கொட்டினால் வெயில் படுகிற தாழ்ந்த சரிவுகளுக்கு, ஊர்ச்சாலை ஓரம் வரைக்கும்கூட இறங்கி வரும். அப்போது போவேன் அப்பா. சாலையிலேயே நிற்பேன். அந்த வெளுத்த முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வருடம் திரும்பும்வரை ஓரடிகூட மேலே எடுத்து வைக்க மாட்டேன். அத்தைக்குப் பயந்து இல்லை.

உங்களுக்குக் கொள்ளி வைத்த
மகள்