ஏழு ஊருக்கு ஒரு நம்பர்

வியாழன். பனித்தூறல்.

அணு உலை வெடித்து மேகம் வந்து, கீரை தின்னாதே என்று சொன்ன வருஷம். போன மாதம், நாங்கள் வந்து சேர்ந்த இந்த நாட்டில், பாசல் பட்டணத்தில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து றைன் ஆறு சிவந்தது. எனக்கு இது என் வள்ளத்துக் கூட்டாளி சூசை செத்துப்போன வருஷம்.

மாசி, பிற்பகல். நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் இருந்தான். எங்கள் வீட்டில் போன் இல்லை. மகன் அன்ரன் ஊர்த் தலைவர் வால்ட்டர் வீட்டுக்கு ஓடினான். வால்ட்டரே போன் எடுத்தார். ஊர் டொக்டர் வெளியே. பக்கத்துப் பட்டணத்தில், உங்கள் ஊர் எங்கள் பக்கம் இல்லை என்றார்கள். மூன்றாவது இடம் அம்புலன்ஸ் அனுப்பியது. வந்தபோது சூசையின் கை குளிர்ந்திருந்தது.

வெள்ளி. அதே பனி.

மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டதாம். ஏழு ஊர் சேர்ந்து ஒரு வட்டாரம், அம்புலன்ஸுக்கு ஒரே நம்பர், எந்நேரமும் ஆள். ஆனால் ஒவ்வொரு ஊரும் தலைக்கு இவ்வளவு என்று காசு கட்டக் கூட்டத்தில் கை தூக்க வேண்டும். ஆறு ஊர் ஓம் என்று சம்மதித்துவிட்டன. மிச்சம் நாங்கள். மறுத்தால் எல்லாம் நிற்கும்.

வாங்க: உப்பு, மெழுகுதிரி 2.

பால்கடையில் ஒரு கிழவரும் மனைவியும் இதைப் பற்றித்தான் பேச்சு; முதலில் அவர், பிறகு அவள். அன்ரன் எனக்கு அதைத் தமிழில் சொன்னான்.

"என்ர அப்பா போன் இல்லாமலே தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தவர்."

"உம்மைத் தாங்கேலாமல் காட்டுக்குள்ளயே திரிஞ்சவர். அதுதான்."

செவ்வாய். கூட்டம்.

வாக்கில்லாதவர்களுக்குச் சுவரோரம் தனி வாங்கு. அதில் நாங்கள் இருவரும். ஓம் என்பவர்கள் யார் என்று வால்ட்டர் கேட்டதும் என் கை எழும்பிவிட்டது. எங்கள் பேசாலைக் கோயில் கூட்டத்தில் சுவரோரம் நிற்பவனும் தூக்குவான். எண்ணியவர் என்னையும் எண்ணிவிட்டார். ஓம் ஒன்றால் வென்றது. பின்னால் ஒருவர் என்னைக் காட்டிக் கத்தினார்.

"அப்பா, கையை இறக்குங்கோ! எங்களுக்கு வாக்கில்லை."

"சூசைக்காகத் தூக்கினனடா."

"சூசை மாமாவுக்கும் இல்லையப்பா."

திரும்ப எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமம். கெடுத்துவிட்டேனோ என்று அன்ரனைப் பார்த்தேன். சமம் என்றால் தலைவர் சொல்வதே முடிவாம். வால்ட்டர் தண்ணீர் குடித்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. பிறகு அவர் பேசியதை அன்ரன் என் காதுக்குள் தமிழில் சொன்னான்:

"அண்டைக்கு மூண்டு இடத்துக்குப் போன் எடுத்தவன் நான். ஓம் எண்டுறார், அப்பா."

புதன். வெயில்.

சேமக்காலை. சூசையின் கல்லறையில் நின்று எல்லாம் சொன்னேன். சப்பாத்துக்குள் பனி. மெழுகுதிரி காற்றில் நூர்ந்து நூர்ந்து போனது; திரும்பத் திரும்பக் கொளுத்தினேன்.

ஊரில் மீன்பிடி வள்ளத்தில் நாங்கள் ஐந்து கூட்டாளிகள். சந்தியாவைக் கடல் கொண்டது. மரியான் காய்ச்சலில். பிறகு சூசை. என்னை "டேய் பேதுரு" என்று கூப்பிட இனி ஒருவன்தான். பேசாலையில், வஸ்தியான்.