நீலம் தீட்டிய ஏரி

புரசைவாக்கம்,
20—6—1938

சௌபாக்கியவதி சாமுண்டீஸ்வரிக்குத் திருவேங்கடம் எழுதுவது. நான் சுகம். அங்கே நீயும், உன் அண்ணன் ஜெயராமன் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

எதையும் வரிசைப்படுத்திச் சொன்னால்தான் எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் இந்தக் கடிதத்தில் வரப்போவதை முன்னதாகவே குறித்துவிடுகிறேன்.

1. நேற்று நான் அம்பத்தூர் போனது.
2. அங்கே ஒன்று வாங்கிக் குடித்தது. குடித்தும் உடம்புக்கு ஒன்றும் ஆகாதது.
3. வெளியில் தின்பதெல்லாம் வியாதி என்று நான் சொல்லிவந்தது அவ்வளவு சரியில்லையோ என்ற சந்தேகம்.
4. நீ வீடு திரும்புவதே முறை என்பது.

சித்திரையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நீ கேட்டாயே, “இத்தினி வருசத்துல என்னை ஒரு எடத்துக்குக் கூட்டிக்கினு போயிருக்கீங்களா?” என்று. அந்தக் கேள்வி இன்னும் சமையலறையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. பத்து நாளில் வருகிறேன் என்று சென்னீர்குப்பம் போனவள் இரண்டு மாதமாக வரவில்லை. இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒருவர் போனால் மிச்சம் இருப்பவன் கடிகாரத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். சர்வே ஆபீசில் படம் வரைந்து முப்பது வருஷம் தள்ளியவன் நான். இந்த ஜில்லாவின் ஏரிகளுக்கெல்லாம் நீலம் தீட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. உன்னைக் கூட்டிப் போகாதது இருக்கட்டும், நானே போகவில்லை. சென்ற மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூருக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆனால் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். பனந்தோப்பில் வேம்புலியம்மாள் என்றொருத்தி சட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பதநீர் கேட்டேன்.

“இன்னா நைனா, சூரியன் உச்சிக்கு வந்தப்பறம் பதனி கேக்கறே? வெள்ளென வர்றதில்லே?”

“அந்தச் சட்டியில் இருக்கிறதே?”

“அது பதனி இல்லே, புளிச்சுப் பூட்ச்சு. அதைக் குட்ச்சா நீ ஊடு போய்ச் சேர மாட்டே.”

தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன். வெட்கத்தால் உனக்கு எழுதவில்லை. நேற்று விடியும் முன்னே முதல் ரயிலைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் அவள், “வந்துட்டியா? நீ வர மாட்டேன்னு நெனச்சேன்” என்று பனையோலையை மடித்துக் கையில் கொடுத்து ஊற்றினாள். சாமுண்டீ! அது குளிர்ந்திருந்தது, இனித்தது, கொஞ்சம் சுண்ணாம்பு வாசனையும் வந்தது. ஓலை வழியாக ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மூன்று முறை வாங்கிக் குடித்தேன். வயிற்றுக்கு ஏதாவது ஆனால் குடிக்கப் பையில் கொண்டுபோன ஓமத்திரவ சீசாவைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது விஷயம் இதிலேயே அடங்கிவிட்டது. நாலாவது உன் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
திருவேங்கடம்

---

சென்னீர்குப்பம்,
26—6—1938

அவர்களுக்கு நமஸ்காரம்.

கடிதம் வந்தது. மேல்விலாசத்தில் உங்கள் பேரை நான் எழுதலாகாதே, அதற்காக அண்ணன் மகள் தாட்சாயிணியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. “இன்னா அத்தே, மாமா பேரை எழுதினா கை அழுவிப் பூடுமா?” என்று கேட்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பெண், வாய் நீளம்.

நீங்கள் எழுதியதை இங்கே உரக்கப் படித்தேன். சட்டை நனைந்த இடத்தில் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூர் மார்க்கெட்டு வாசலில் ஒரு நாள் சர்பத்து கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? காலரா என்றீர்கள். மாரியம்மன் திருவிழாவில் வேர்க்கடலை கேட்டேன். பித்தம் என்றீர்கள். இப்போது நான் இந்தப் பக்கம் வந்த பிறகு தனியாகப் போய் மூன்று முறை குடிக்கிறீர்கள். நான் அங்கே இருந்தபோது இந்தப் பனைமரமெல்லாம் எங்கே போயிருந்தது?

நாலாவது விஷயத்தைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். முறை எதுவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது விஷயம் போல இன்னும் இருந்தால் எழுதுங்கள்.

பதநீரில் மாங்காயைச் சீவிப் போட்டுக்கொண்டீர்களா? அது இல்லாமல் குடித்தது குடித்ததாகுமா?

இப்படிக்கு,
சாமுண்டீஸ்வரி

---

புரசைவாக்கம்,
11—7—1938

சௌபாக்கியவதி சாமுண்டீஸ்வரிக்கு.

மாங்காய் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். உன் கோபம் நியாயமானது. ஆகவே நீ சொன்னபடி தின்ற சங்கதியை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று ஆவடியில் இறங்கிக் கோவில்பதாகைக்கு நடந்தேன். அந்த ஏரிக்கு எத்தனை முறை நீலம் தீட்டியிருப்பேன்! போய்ப் பார்த்தால் ஏரிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். நான் வெகுநேரம் கரையில் நின்று சிரித்தேன். தனியாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

கரையில் வயல்வேலை செய்கிற கன்னியம்மாள் என்றொருத்தி ஒரு முறத்தில் பொரி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். நடுநடுவே கருப்பாக ஏதோ கலந்திருந்தது. எள்ளோ என்று ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். வெகு ருசி. பிறகுதான் கேட்டேன்.

“இதில் கலந்திருக்கிறது என்னம்மா?”

“ஈசலு. வெள்ளிக்கெழமை மழைக்கு வந்துச்சே, அதைப் புட்ச்சு வறுத்தது.”

“ஈசலா? பூச்சி அல்லவா அது!”

“ஏன், நீ துன்ற எறாலு மட்டும் இன்னா, மல்லியப்பூவா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாயில் போட்டதைத் துப்புவதா விழுங்குவதா என்று ஒரு கணம் தவித்தேன். விழுங்கினேன். அதற்குப் பிறகு எவ்வளவு தின்றேன் என்று கேட்காதே. வறுத்த வேர்க்கடலையின் ருசி, அதன் பின்னாலேயே நெய் போல ஒரு வாசனை. ஒரு படி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். ரயிலில் எதிரே இருந்தவர் என்ன சார் என்று கேட்டார். தின்று முடிக்கும்வரை சொல்லாமல் கொடுத்தேன். எனக்கு இப்படியும் ஒரு குறும்பு இருக்கிறது என்பது இத்தனை நாள் தெரியாது.

இனி ஒன்று கேட்கப் போகிறேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டதாக நினைக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் நடுங்கிக்கொண்டேதான் கிளம்புகிறேன். உன்னை முதல்முதலாகக் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் வழி தெரியாமல் விழிக்கக் கூடாதே என்றுதான் முன்னதாகப் போய்ப் பார்த்து வருகிறேன். ஆடி பிறந்ததும் குத்தம்பாக்கத்து அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்களாம். முருங்கைக்கீரையும் சுட்ட கருவாடும் உண்டாம். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பூந்தமல்லியில் பஸ் நிற்கிற இடத்துக்கு வருவாயா?

இப்படிக்கு,
திருவேங்கடம்

---

சென்னீர்குப்பம்,
16—7—1938

அவர்களுக்கு நமஸ்காரம்.

வருகிறேன். வருவது கூழுக்கு. வீட்டுக்கு இல்லை. இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வண்டி கட்டித் தருகிறேன் என்றார். எனக்குக் கால் இருக்கிறது, பூந்தமல்லி என்ன சீமையா என்றேன். தாட்சாயிணி தானும் வருகிறேன் என்று பாவாடையை மடித்து வைத்தாள். அவளையும் வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறதாயிருந்தால் என்னை மட்டும் கூட்டிப் போக வேண்டும்.

பட்டுப் புடவை கட்டிக்கொள்ளட்டுமா என்று யோசனையாக இருக்கிறது. கூழ் குடிக்கப் போகிறவள் பட்டுக் கட்டுவாளா என்கிறாள் அண்ணி. கட்டினால் என்ன?

ஈசலை இங்கே நாங்கள் சிறுபிள்ளையிலிருந்தே தின்கிறோம். உங்களிடம் சொன்னால் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டீர்கள் என்று சொல்லாமல் இருந்தேன்.

சாமுண்டீஸ்வரி

---

புரசைவாக்கம்,
24—7—1938, மாலை

சௌபாக்கியவதி சாமுண்டீஸ்வரிக்கு.

இன்று காலை பூந்தமல்லியில் இறங்கினேன். ஆடி மாதக் கூட்டம். எங்கே பார்த்தாலும் மஞ்சள் புடவையும் வேப்பிலையும். இரு பக்கமும் பார்த்தேன். நீ தென்படவில்லை. கூட்டத்தில் நின்று ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சமாகிவிட்டது. நான் வந்த பஸ்ஸே திரும்பப் புறப்பட்டது. ஏறி வந்துவிட்டேன்.

உன்மேல் குறை ஒன்றும் இல்லை. வர இஷ்டமில்லாமல் போயிருக்கலாம், அது உன் உரிமை. பட்டுப் புடவை என்று எழுதியதை நான்தான் அதிகமாக நம்பிவிட்டேன். என் கணக்கு எப்போதும் இப்படித்தான். இனிமேல் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

திருவேங்கடம்

---

சென்னீர்குப்பம்,
24—7—1938

இன்றைக்கு நமஸ்காரம் கிடையாது.

ஏழு மணிக்கே வந்து பூக்கடைகளுக்கு முன்னால் நின்றேன், பட்டுப் புடவையோடு. நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். வெளுத்த சட்டை, பை, குடை. நடுவில் கூட்டம், ஒரு மாட்டு வண்டி வேறு. கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிடுவது? பேர் சொல்லியா கூப்பிட முடியும்? “இந்தாங்க! இந்தாங்க!” என்றேன். பூந்தமல்லியில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் திரும்பினார்கள். கிழவன் திரும்பினான், போலீஸ்காரன் திரும்பினான், வண்டியோட்டி, “இன்னாம்மா, என்னையா?” என்றான். நீங்கள் ஒருத்தர் மட்டும் திரும்பவில்லை.

வண்டி நகர்கிறதற்குள் நீங்கள் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டீர்கள். பூக்காரி ராணி என்னைப் பார்த்து, “போறாரே, ஆரும்மா அது?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் புரிந்தது. தெருவில் உங்களை ஒரு பொம்பிளை கூப்பிடுவாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களோடு நான் தெருவில் நடந்திருந்தால் அல்லவா இந்தக் குரல் உங்களுக்குப் பழகியிருக்கும்?

அடுத்த ஞாயிறும் கூழ் உண்டு. அதே இடம், அதே நேரம். பதில் எழுத வேண்டாம். வந்தால் ஆள் வர வேண்டும். வராவிட்டால் இத்தோடு சரி.

சாமுண்டீஸ்வரி

---

புரசைவாக்கம்,
1—8—1938

என் சாமுண்டிக்கு.

நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது அசட்டுத்தனம். நீயும்தானே இருந்தாய்! ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் அது நடந்ததென்று எனக்கு நம்பிக்கை வரும்போல் இருக்கிறது.

இந்தத் தடவை திரும்பும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பூக்கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கூச்சம் பிடுங்கித் தின்றது. நீ இல்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். இல்லை. பூக்காரி என்னை முறைத்தாள். நீ எதிர்ப்புறத்தில் இஞ்சி சோடா குடித்துக்கொண்டிருப்பாய் என்று நான் எதை வைத்து ஊகிப்பேன்?

அப்போதுதான் அந்தக் குரல்.

“திருவேங்கடம்!”

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. என் அம்மா இறந்த பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆபீசில் எல்லோரும் மிஸ்டர்தான். திரும்பினேன். பட்டுப் புடவையும் கையில் சோடா புட்டியுமாக நீ நிற்கிறாய், முகமெல்லாம் சிவந்து.

பூக்காரி நம் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, “அடியாத்தே! புருசன் பேரையா கூவறே?” என்றாள்.

“பின்னே? உன் புருசன் பேரையா கூவுவாங்க?” என்றாய் நீ.

சோடாக்கடைக்காரன் சிரித்த சிரிப்பில் ஒரு புட்டி கீழே விழுந்து உடைந்தது. அதற்கும் சேர்த்து நான் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். நீ பாதி குடித்த சோடாவை நீட்டியபோது, எச்சில் என்றோ, இஞ்சி சூடு என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. மூக்கு வரை போய்ப் புரையேறிற்று. நீ என் தலையில் தட்டினாய், நடுத்தெருவில்!

பிறகு குத்தம்பாக்கம். மண்சட்டியில் கூழ், பச்சை வெங்காயம், கருவாடு. நான் ஒரு சட்டி, நீ இரண்டு. பட்டுப் புடவையில் கூழ் சிந்தியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் உச்சுக் கொட்டினாள். “சிந்தினா சிந்தட்டும், இதுக்குத்தான் கட்டினேன்” என்று சொல்லிவிட்டாய். நீ இவ்வளவு பேசுகிறவள் என்பதும், இப்படிச் சத்தம் போட்டுச் சிரிக்கிறவள் என்பதும் எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தெரியாது.

சாயங்காலம் உன்னைச் சென்னீர்குப்பம் வரை கொண்டுவந்து விட்டபோது, வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீ, “அடுத்த வாரம் எங்கே?” என்றாய். அப்படி மலர்ந்த முகத்தோடு நீ என்னை எதுவும் கேட்டதில்லை. இந்த வீட்டில் கேட்டிருந்தாலும் நான் ஓமத்திரவத்தை எடுத்து நீட்டியிருப்பேன். கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன். இரவெல்லாம் யோசித்தேன். விழுங்கியதற்காக வருத்தம் இல்லை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆவடி ஸ்டேஷன். கோவில்பதாகை ஏரியின் அந்த மூலைத் தண்ணீரில் விரால் மீன் பிடிக்கிறார்களாம். வாங்கிக் கொடுத்தால் கரையிலேயே மிளகாய் தடவிச் சுட்டுத் தருகிறார்களாம். என்னைக் கண்டதும் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. இனி நான் திரும்புவேன்.

வீடு இங்கேயே இருக்கட்டும். நான் பூட்டிக்கொண்டு வருகிறேன், திறந்துகொண்டு போகிறேன். உனக்கு என்று வர வேண்டுமென்று தோன்றுகிறதோ அன்று வா, தோன்றாவிட்டாலும் ஞாயிறு உண்டு. நீ வீடு திரும்புவதே முறை என்று முதல் கடிதத்தில் நாலாவதாக எழுதியிருந்தேன். அது தவறு.

உன்,
திருவேங்கடம்