கொக்கு இறங்கும் வரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம், உன் சௌக்கியத்தையும் உன் வலது முட்டியின் சௌக்கியத்தையும் தனித்தனியாக எழுது, இரண்டையும் சேர்த்துப் போட்டு நல்லா இருக்கேன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற சாமர்த்தியமெல்லாம் என்னிடம் வேண்டாம். உங்கப்பா இன்னும் லிஃப்ட் பழுதுபார்க்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், போதும் ஓய்வெடுங்கள் என்றால், நான் ஓய்வெடுத்தால் இந்த ஊரில் பாதிப் பேர் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடுவார்கள் என்கிறார். உன் அறையில் அவருடைய கம்பிச் சுருளும் பழைய மோட்டாரும் குடியேறியாகிவிட்டது, நீ வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரே நாளில் காலி செய்துவிடுவாராம், அவர் வாக்கு உனக்குத் தெரியாததா. ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் ஜம்மென்று ஏறி இறங்குகிறது, நம் வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் ஆறு மாதமாகச் சொட்டுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஃபோனில் நீ கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குத்தான் இந்தக் கடிதம். எங்கள் தியேட்டர் ஆர்கெஸ்ட்ரா முதல் தடவையாக இசைத்தட்டு போடப்போகிறது, அதுவும் நீ ஆடின கொக்கு பாலே என்று நான் குதித்துக்கொண்டு சொன்னதும் நீ, "உன் டிரம் தட்டுல ஏறிடும்மா, நான் ஆடினது எங்கே இருக்கு?" என்று கேட்டாய். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன், நீயும் சாப்பிட்டேன் என்றாய், இரண்டு பேரும் ஃபோனை வைத்துவிட்டோம். வைத்த பிறகு எனக்கு மனசே ஆறவில்லை. அத்தனை வருஷம் ஆடினாய், முட்டி போனதும் ஒரு புகாரும் சொல்லாமல் கண்காணாத தேசத்துக்குப் போய் அடுத்தவர் முட்டியைச் சரிசெய்யப் படிக்கிறாய், நீ ஆடினதை ஒருநாளாவது படம் பிடித்து வைப்போம் என்று அந்தத் தியேட்டரில் ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. நீ போன பிறகு கொக்கை அங்கே யாரும் ஆடவும் இல்லை.

தியேட்டர் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் அல்லவா, சும்மா உட்கார்ந்திருக்கிற எங்களை வைத்து, நூறு வருஷத்துக்கு முன்னால் புதுமை புதுமை என்று எழுதிய பாலே இசையில் நாலைந்தைப் பதிவு பண்ணலாம் என்று ஒரு கம்பெனிக்கு யோசனை. அச்சாபீஸ் ஒன்றுக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ, தரை முழுக்கக் கம்பளம், தலைக்கு மேலே வௌவால் தொங்குகிற மாதிரி மைக்குகள். தும்மக்கூடாது, நாற்காலியை நகர்த்தக்கூடாது, வயிறு கடமுடா என்றால்கூட அது பதிவாகிவிடும் என்று ஒலிப்பதிவு செய்கிற அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அதைச் சொன்னதிலிருந்து எல்லார் வயிறும் பேச ஆரம்பித்துவிட்டது. மேடைக்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் இருட்டிலேயே குப்பை கொட்டினவர்கள் நாங்கள், பளீரென்ற வெளிச்சத்தில் ஒருத்தரை ஒருத்தர் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம். ஃப்ளூட்காரருக்கு உச்சியில் வழுக்கை விழுந்திருக்கிறது, தெரியுமா? இத்தனை காலம் மூச்சுக் காட்டவில்லை மனுஷர்.

கோல் வீசி எங்களை நடத்துகிற புதுக் கண்டக்டர் சின்ன வயசு, நல்ல பிள்ளை, கோபமே வராது, ஆனால் தியேட்டர் பக்கம் வந்தவன் இல்லை. ஆடுகிறவர்களுக்கு வாசித்துப் பழக்கமில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வாசித்துத்தான் பழக்கம். கொக்குக்கு வந்திருக்கிற பழைய தட்டுகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தான், எந்த நாட்டு ஆர்கெஸ்ட்ரா எந்த இடத்தில் ஓடுகிறது, எங்கே நடக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருக்கிறான். தாளம் நாலாகி ஐந்தாகி ஏழாகி ஆளைக் கிறுக்காக்குகிற இரண்டாம் பாகத்தையெல்லாம் வெண்ணெயாக ஓட்டிவிட்டான், எனக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் பாகத்தின் கடைசியில்தான் வந்தது வினை.

அந்த இடம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் பள்ளத்துக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எல்லா வாத்தியமும் நின்றுவிடும், கொக்கு ஒற்றைக் காலில், விரல் நுனியில் நிற்கும். எழுதினவர் அங்கே போட்டிருப்பது இரண்டே தாள இடைவெளி, அதற்குப் பிறகு என் பெரிய டிரம்மில் மெதுவாக ஒரு தட்டு, உடனே ஃப்ளூட் எடுக்கும். நீ முதல்முதல் ஆடின அன்றைக்கு இரண்டு தாளம் போயிற்று, நான்கு போயிற்று, நீ இறங்குகிற வழியாக இல்லை. பழைய கண்டக்டர் கோலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் வாசிக்கிறவர்களில் மூலையில் நிற்கிற எனக்குத்தான் மேடை தெரியும், அதுவும் முட்டிக்குக் கீழே மட்டும். உன் முகம் எப்படி இருந்தது என்று மாடியில் உட்கார்ந்திருந்த உங்கப்பா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் பெற்றவள், எனக்குக் கிடைத்தது கால்தான். உன் குதிகால் தரையைத் தொட்டதும் நான் தட்டினேன், ஃப்ளூட் எடுத்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. உன்னை நான் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, நீ இறங்கும்போதெல்லாம் டிரம்மைத்தான் அடித்தேன்.

ஸ்டூடியோவில் அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. கண்டக்டர் கோலைக் காட்டுகிறான், என் கை எழவில்லை. மறுபடி காட்டுகிறான், நான் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "என்னம்மா, தூக்கமா?" என்று சிரித்தான், எனக்கு அசடு வழிந்தது. அடுத்த டேக்கில் என் கையை நானே திட்டி, சரியாக இரண்டு தாளத்தில் தட்டிவிட்டேன். அப்போது ஃப்ளூட் வரவில்லை. வயலின்காரர்கள் வில்லைத் தூக்கியபடி அப்படியே சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். "அம்மாதான் அடிச்சாச்சே, ஏன் சார் எடுக்கலை?" என்று கண்டக்டர் கேட்டான். அதற்கு ஃப்ளூட்காரர், "அக்கா அடிச்சாங்க, ஆனா அவ இன்னும் இறங்கலையே" என்றார். யார் இறங்கவில்லை என்று கேட்கிறான் அந்தப் பிள்ளை, அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

ஃப்ளூட்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நோட்ஸில் இல்லாததை எப்படி வாசிப்பது, கேட்கிறவர்கள் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க மாட்டார்களா என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதியிருக்கிறபடியே ஒரு டேக் எடுத்தோம், ஒரு பிசிறு இல்லை, ஒலிப்பதிவு அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு தாளத்தில் நீ ஆடவே இல்லை, யாரும் ஆடவில்லை, சும்மா ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்க முடியுமா சொல், டிரம் அடிக்கிறவள் தன் மகளுக்குச் சிபாரிசு பிடிக்கிறாள் என்று ஆகிவிடாதா.

என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, டீ குடிக்கும்போது கண்டக்டரே பக்கத்தில் வந்து, எவ்வளவு நேரம் நிற்பாங்க என்று கேட்டான். அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது. உதட்டைத் துடைத்து மூக்கைச் சிந்தி மறுபடி ஃப்ளூட்டைத் தூக்குகிற நேரம் என்றார் ஃப்ளூட்காரர். டபுள் பாஸ்காரரோ, வீட்டுக் கதவைப் பூட்டினேனா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் யோசித்து முடித்துவிடுவாராம். அளவு எவனுக்குத் தெரியும், தினம் ஒரு மாதிரி நிற்பாள், அக்கா பார்ப்பாங்க, நாங்க அக்காவைக் கேட்போம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். "இப்ப பார்த்தா தெரியுமாம்மா?" என்று கண்டக்டர் என்னைக் கேட்டான். தெரியும் என்றேன். "அப்ப இன்னும் ஒரு டேக். அந்த இடத்துல நான் கோலைக் கீழே வச்சிடறேன், நீங்க பாருங்க" என்றான்.

வாசித்தோம், நின்றோம். அவன் சொன்னபடியே கோலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். நான் அந்தச் சுவரைப் பார்த்தேன், உன் கால் தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், வலது பாதம், அந்தத் தேய்ந்த ஷூ, எல்லாம். ஆனால் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. அங்கே நீ இறங்குவாய், நான் தட்டுவேன், என் பாடு சுலபம். இங்கே நான் தட்டினால்தான் நீ இறங்குவாய். தட்டிவிட்டால் முடிந்தது, இனிமேல் கொக்கு இல்லை. எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். ஃப்ளூட்காரர் மூச்சைப் பிடித்துப் பிடித்து வழுக்கை வரைக்கும் சிவந்துபோனார், கண்ணாலேயே என்னைக் கெஞ்சுகிறார். ஒலிப்பதிவு அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். அப்புறம்தான் உன் முட்டி நினைவுக்கு வந்தது. அடிப்பாவி, உன் ஆசைக்குப் பிள்ளையை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பாய், வலிக்காதா என்று என்னையே வைதுகொண்டு தட்டினேன். எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன், அவ்வளவு மெதுவாக ஒருநாளும் தட்டினதில்லை, தொட்டிலை ஆட்டுகிற கைதான் அது.

இரண்டு டேக்கையும் போட்டுக் கேட்டார்கள். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இரண்டாவதுதான் தட்டில் போக வேண்டும் என்று சொல்லிவிட்டான். கம்பெனி ஆள் தயங்கினதற்கு, கெட்டுப்போச்சு என்று யாராவது திருப்பிக் கொடுத்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் விளக்கம் சொல்லிக்கொள்கிறேன் என்றான். நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

முந்தாநாள் தட்டு வந்தது. உங்கப்பாவிடம் நான் ஒன்றும் முன்கூட்டிச் சொல்லவில்லை, உட்கார்த்திவைத்துப் போட்டேன். மூன்றாம் பாகம், அந்த இடம், சத்தம் நின்றது. மனுஷருக்குப் பொறுக்குமா, உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார், ஒயர் விட்டுப்போச்சு என்கிறார். உட்காருங்க, உங்க பொண்ணு நிக்கிறா என்றேன். எழுந்தவர் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை, டிரம் கேட்கிற வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

உனக்கும் ஒரு தட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பிரிக்கும்போது கத்திரிக்கோலைப் போட்டுக் கீறிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, படிப்பு படிப்பு என்று ராத்திரி கண் விழிக்காதே, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். நான் ஆடினது எங்கே இருக்கு என்று கேட்டாய் அல்லவா, மூன்றாம் பாகத்தின் கடைசியில் இருக்கிறது, ஆசை தீரப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் காலை மட்டுமே பார்த்த
அம்மா