எட்டாவது கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் நிம்மதியைக் கெடுத்தவளே உன் சுகத்தை விசாரிப்பது என்ன நியாயம் என்று கை நின்றுவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன், அதற்குள் கொஞ்சம் வீட்டுச் செய்தி சொல்லிக்கொள்கிறேன், எனக்கும் தைரியம் வரட்டும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. சமையலறைக் குழாய் சொட்டுவதை அவரே சரிசெய்கிறேன் என்று இறங்கினார், இப்போது சொட்டவில்லை, ஓடுகிறது. உன் தங்கைக்கு இன்னும் இரண்டு மாதம், கால் வீக்கம் இருக்கிறது, மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார்கள். மாப்பிள்ளை காலையில் எங்கள் கிளப்பில் பயிற்சிக்குப் போகும்போது அவளை இங்கே விட்டுவிட்டுப் போகிறார். அவள் சோபாவில் படுத்துக்கொண்டு எனக்கு வேலை ஏவுகிறாள். மருமகளுக்குப் புதுப் பள்ளிக்கூடத்து வேலை பிடித்திருக்கிறதா? நீ மைதான ஓரத்தில் நின்று அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு உன் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தாதே, போன தடவை பேசும்போது உன் குரல் உடைந்திருந்தது. உடைந்ததற்குக் காரணம் கத்தியது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. இனிமேல் கால்பந்து லீக்கின் முதல் பிரிவில் இருந்து யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை, கீழே இருந்து யாரும் மேலே ஏறவும் முடியாது, பன்னிரண்டு கிளப்புகள்தான், கதவைச் சாத்தியாயிற்று என்ற செய்தி வந்த சாயங்காலம். இங்க ஜனங்க சுவருல எல்லாம் அடுத்த வருஷம் மேலன்னு எழுதி வச்சிருக்காங்கம்மா, அத யாரு போய் அழிக்கிறது என்று கேட்டாய். அப்புறம், எட்டு கை இருந்தாத்தான் தீர்மானம் நிறைவேறும், அந்த எட்டாவது கையத் தூக்கின பாவி யாருன்னு மட்டும் சொல்லும்மா, நீ அந்த ரூம்லதான இருந்தே என்றாய். நான் தெரியலப்பா, எல்லாரும் ஒரே நேரத்துல தூக்கிட்டாங்க என்று சொன்னேன். கண்ணா, அது பொய். எட்டாவது கை என்னுடையது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், என் பக்கம் நியாயம் சேர்ப்பதற்காக இல்லை. எங்கள் கிளப் தலைவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருப்பதால் செயலாளரான நானே போனேன். நீளமான மேஜை, ஜன்னலைத் திறக்க முடியாத அறை, மற்ற கிளப்புகளில் இருந்து பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. லீக் தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். பணக்கார கிளப்காரர்கள் நான்கு பேர் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போகிறார்கள், மற்றவர்கள் கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கைமீறிச் சம்பளம் கொடுத்து இழுத்து மூடுகிறார்கள், அதனால் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்துவோம், டிவி வருமானத்தைச் சமமாகப் பிரிப்போம், சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்போம், புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கடைசி இடத்தில் முடித்த கிளப்புக்கே முதல் வாய்ப்பு கொடுப்போம், இளைத்தவனைத் தூக்கிவிட்டால்தான் எல்லாரும் சமமாக மோத முடியும் என்றார். கேட்கும்போது எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் இளைத்தவர்கள் நாங்கள்தான். பட்டியலில் கடைசியில் கிடப்பதும் நாங்கள்தான். ஐந்து மேட்ச் பாக்கி, பழைய சட்டப்படி நாங்கள் இறங்க வேண்டும், இரண்டாம் பிரிவில் முதலில் நிற்கும் உன் டீம் எங்கள் இடத்துக்கு ஏற வேண்டும்.

என் தந்திரத்தையும் கேள். எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் உண்டல்லவா. எப்படியும் ஒன்பது கை ஏறும், நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டால் தீர்மானமும் நிறைவேறும், கிளப்பும் பிழைக்கும், உன் முகத்திலும் நான் விழிக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். பாவத்தை மற்றவர்கள் செய்யட்டும், பலனை நான் அனுபவிக்கிறேன் என்ற எண்ணம். தலைவர் ஜன்னல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கையாக விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஏழு வரைக்கும் வந்தது, அப்புறம் வரவில்லை. உறுதியாகத் தூக்குவார்கள் என்று நான் நினைத்திருந்த இரண்டு பேர் மேஜையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அவர்களும் என்னைப் போலவே கணக்குப் போட்டிருப்பார்கள் போல. தலைவர் என்னைப் பார்த்தார். கடைசி இடத்தில் இருக்கும் கிளப்பே கையை இறக்கி வைத்திருந்தால் யாருக்காக இந்தச் சட்டம் என்று அவர் வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டார். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது, சத்தியமாக வந்தது. மூன்றாம் பிரிவில் சைக்கிள் பின்னால் பந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு நீ ஆரம்பித்ததும், தகரக் கொட்டகையில் ஆட்டக்காரர்களோடு தூங்கியதும் வந்தது. அதற்குப் பின்னால் உன் தங்கையின் வயிறு ஞாபகம் வந்தது. கிளப் கீழே இறங்கினால் அன்றோடு ஒப்பந்தம் முடியும் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறார். முப்பத்தாறு வயது கோல்கீப்பரை, தோள்பட்டை ஒரு தடவை இறங்கியவரை, இனி யார் எடுப்பார்கள்? கேலரிக்கு அடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் குடும்பமும் ஞாபகம் வந்தது. கை தானாக ஏறிற்று என்று எழுத ஆசையாக இருக்கிறது. தானாக ஏறவில்லை, நான்தான் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நீயா என்று கேட்டார், ஆமாம் என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. சிரித்துக்கொண்டே, இந்தச் சட்டம் நம்ம வீட்ல எப்பவோ வந்தாச்சே, மார்க் கொறஞ்சவ ஜன்னல் சீட்ட முதல்ல எடுத்துக்கணும், முதல் மார்க் வாங்கினவன் நின்னுகிட்டு வரணும் என்றார். நீ ஏழாவது படிக்கும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்ப நான் எதுக்கும்மா படிக்கணும் என்று கேட்டாயாம். எனக்கு மறந்துவிட்டது, அவருக்கு மறக்கவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று ஊரில் சொல்வார்களே, அப்படிப்பட்ட தாய் நானில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்பா ரேடியோவைச் சமையலறையில் இருந்து எடுத்துப்போய்ப் படுக்கை அறையில் வைத்துக்கொண்டு உன் மேட்சைத் தனியாகக் கேட்கிறார். முன்பெல்லாம் உன் டீம் கோல் போட்டால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுவார், இப்போது சொல்லுவதில்லை. நான் கதவுக்கு வெளியே துணி மடிப்பதுபோல நின்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, காப்பாற்றினேனே, அதாவது நன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போன வருஷம் இதே நேரத்தில் இறங்காமல் தப்பிக்க நாங்கள் ஆடிய மேட்ச் உனக்கு நினைவிருக்கும், மழையில் ஒரு ஜனம் நகரவில்லை, டீக்கடைக்காரருக்குக் கோப்பை கழுவ நேரமில்லை. இந்தச் சனிக்கிழமை பாதி ஆட்டத்திலேயே கேலரி காலி. டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு, தோத்தாலும் இங்கதான், ஜெயிச்சாலும் இங்கதான், அப்புறம் நான் எதுக்கும்மா நகத்தக் கடிச்சுகிட்டு நிக்கணும் என்று என்னிடமே கேட்டார். அதைவிடக் கேவலம் எங்கள் கோச்சின் சந்தோஷம். அலுவலக அறைக்கு வந்து, கிளப் ஜெயித்த, சாவிக்கொத்து போட்டு வைத்திருக்கும் அந்த ஒரே கோப்பையைத் தட்டிக்கொண்டே, எப்படியாவது கடைசி இடத்த விட்டுடக் கூடாதும்மா, அப்பத்தான் முதல் ஆளா நாம கேக்கலாம் என்றான். ஜெயித்துவிடுவோமோ என்று பயந்த கோச்சை நீ பார்த்திருக்கிறாயா? மாப்பிள்ளைக்கு விரல் வலி என்று அவனே முடிவுசெய்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறான். மாப்பிள்ளை கையுறையை மடியில் வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, என் வேலையக் காப்பாத்திட்டாங்க அத்தை, ஆனா வேலைன்னு ஒண்ணு இல்லையே என்றார். யார் காப்பாற்றியது என்று அவருக்குத் தெரியாது, நானும் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் ஆளாக எதைக் கேட்கப் போகிறோம் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கீழ்ப்பிரிவில் இருபத்தோரு வயதுக்குக் குறைந்த யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது சட்டம். நீ பம்பரம் என்று கூப்பிடும் அந்தப் பையனைத்தான் எங்கள் ஆட்கள் கேட்கப் போகிறார்கள். நீ கண்டெடுத்து, இடது காலை ஒழுங்குபடுத்தி, படிப்பை விடாதே என்று பரீட்சை எழுத வைத்து, சொந்தத் தம்பி மாதிரி வளர்த்த பையன். செயலாளர்தான் எழுந்து பெயரை வாசிக்க வேண்டும், அதாவது நான். வேண்டாம் என்று கோச்சிடம் சொல்லிப் பார்த்தேன். நாம எடுக்கலன்னா அடுத்தவன் எடுத்துட்டுப் போறான் என்றான். அவன் சொல்வது உண்மைதான். ஆனால் நான் கையைத் தூக்கும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதே மாதிரி ஒன்றுதான்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். எங்கள் லீக்கில் ஒரு பழக்கம் உண்டு. தூக்கிய கை அன்றைக்கே முடிந்துபோகாது. அடுத்த கூட்டத்தில் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து, யாராவது கையை இறக்குகிறீர்களா என்று தலைவர் ஒரு தடவை கேட்பார். யாரும் பேசாவிட்டால்தான் அது சட்டம். வருகிற வியாழக்கிழமை கேட்கப் போகிறார். நான் ஒருத்தி இறக்கினால் போதும், கதவு திறந்துவிடும், நீ ஏறலாம், பையனும் உன்னிடமே இருப்பான். ஒரு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டு நடமாடுகிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இறக்கிவிடலாம் என்று இரண்டு தடவை முடிவு செய்தேன். இரண்டு தடவையும் உன் தங்கை சோபாவில் இருந்து எதையோ கேட்டுக் கூப்பிட்டாள்.

கண்ணா, நான் இறக்கப்போவதில்லை. இதை நீ பேப்பரில் படிக்கக் கூடாது, வேறு யாராவது சொல்லியும் தெரியக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன். நீ எங்கே விழுந்தாலும் எழுந்துகொள்வாய், அவளால் முடியாது, இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தாய் செய்யும் துரோகம் இப்படித்தான் இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது, தாங்கிக்கொள்வான் என்று தெரிந்துதான் அவன் தலையில் வைக்கிறோம். மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். செய்து முடித்துவிட்டுக் கேட்டாலாவது அர்த்தம் உண்டு, செய்யப்போவதற்கு முன்னாலேயே கேட்பது வெட்கக்கேடு. போன் செய்து திட்டு. பரவாயில்லம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

பையனைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பு. எந்தக் காலில் பழைய அடி இருக்கிறது, எதைச் சொன்னால் முறைத்துக்கொள்வான், ஊர் ஞாபகம் வந்தால் யாரோடு பேசுவான் என்று. உன் அளவுக்கு இங்கே யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் பட்டினி போடமாட்டேன், குளிரில் விடமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. ஈர ஷூவைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்காதே. மருமகள் சொல்வதைக் கேள், அவளுக்கு உன்னைவிட நிதானம் அதிகம். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இந்த ஆசீர்வாதத்தில் மட்டும் உனக்குப் பங்கு குறைக்கவில்லை.

மறக்காமல் ஒன்று. உன் தங்கைக்கு எதுவும் தெரியாது. எட்டாவது கை யாருடையது என்றும் தெரியாது, உன் வாய்ப்பு போனதால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றும் அவளுக்கு உறைக்கவில்லை. அண்ணன் வருத்தமா இருக்கானாம்மா என்று நேற்றுக் கேட்டாள். இல்லடி, எப்படியும் இந்த வருஷம் ஏற வேணாம்னுதான் இருந்தான் என்று சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, அம்மா சொன்னது நிஜமா என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா