தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

என் செல்ல மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். கடிதம் என்றால் முதல் வரியில் இப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இந்தத் தடவை உண்மையாகவே நன்றாக இருக்கிறோம், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏசி நேராக உன் தலையிலேயே அடிக்கிறது என்றாயே, நாற்காலியைத் தள்ளிப் போட்டாயா இல்லை இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறாயா. போன வாரம் போனில், வேலையை விட்டுட்டு வந்துடறேன்மா, மாசக் கடைசியில எழுதிக் குடுத்துடுவேன், அப்பாவையும் கடையையும் நான் பாத்துக்கறேன் என்று நீ சொன்னாய். அவசரப்படாதே, என் கடிதம் வரட்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் விவரம் சொல்லியிருந்தால் அம்மா நம்மைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்திருப்பாய். அப்பா வேறு பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதனால் எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அவருக்குக் கால் சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது, தேவைக்கு அதிகமாகவே சரியாகிவிட்டது. இடது கைதான் வரவில்லை. விரல்களை மடக்கினால் மடக்கினபடி நிற்கும், நான் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட வேண்டும். தையல்காரனுக்கு இடது கை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலது கை ஊசியைக் குத்தி எடுக்கும், அவ்வளவுதான், துணியைப் பிடித்துக் கொடுப்பதும் இழுத்துக் கொடுப்பதும் மடிப்பை நகத்தால் நிறுத்துவதும் இடது கை. பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருங்க என்றாள். நாலு நாள் அமுக்கினார், அப்புறம் அதைப் பட்டன் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். கேட்டால், பந்தை அமுக்கி நான் எந்த மைதானத்துக்குப் போகப் போறேன் என்றார். உனக்காக வெட்டின நீலக் கட்டம் போட்ட சட்டை ஞாபகம் இருக்கிறதா, காலரும் கையும் முடித்து, காஜாவும் போட்டு, பட்டன் மட்டும் பாக்கி இருந்ததே, அது மிஷினுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் பட்டன் தைப்பது எப்போதும் என் வேலைதான், ஆனால் அதை எடுக்கப் போனபோது தொடாதே, அவன் சட்டையை நான்தான் முடிக்கணும் என்று சொல்லிவிட்டார். தூசி படிந்தால் அலசிக் காயவைத்துத் திரும்ப அதே ஆணியில் மாட்டுவேன்.

இப்போது உன் கட்டிலுக்கு அடியில் கிடந்த மூட்டைக்கு வருகிறேன். பேஸ் கிட்டார் செய்யப் போகிறேன் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தாய், வேலை கிடைத்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போனாய். பழைய பேப்பர்காரர் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினேன், நீயும் போனில், அதை மட்டும் போட்டுடாதம்மா என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாய். ஒருநாள் பெருக்கும்போது வெளியே இழுத்தேன். என்னது அது என்று அப்பா பிரிக்கச் சொன்னார். கனத்த பலகை ஒன்று, நீளக் கழுத்து ஒன்று, நாலு திருகாணி, சுருட்டி வைத்த தடித்தடி ஸ்ட்ரிங், ஒயரோடு ஒரு கறுப்புப் பெட்டி. பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். வெட்டாத துணியைக் கண்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது என்று உனக்குத் தெரியுமே. அவன் வரதுக்குள்ள வெட்டிடலாமா என்றார். மாதக்கணக்கில் எதையுமே கேட்காத மனிதர் கேட்கிறார், நான் வேண்டாம் என்பேனா.

அப்புறம் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவருடைய வலது கையும் என் இரண்டு கையும் ஆக மூன்று கை, ஆனால் வாய் மட்டும் இருபது பேருக்கு உள்ளது. நேரா பிடி, அசையாதே, அதென்ன பிடி, பூனைக்குட்டியையா பிடிக்கிறே என்று. நான் ஒருநாள் பலகையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன், அப்புறம் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார், பாதிக்கு மேல் தட்டில் இருந்தது. ரவிக்கைக்கு வெட்டுகிற மாதிரி காகிதத்தில் பேட்டர்ன் வெட்டி, பலகைமேல் வைத்து, துணிக்குப் போடும் சாக்கால் கோடு போட்டார். எதிர்வீட்டுத் தச்சர் தன் பட்டறையில் அந்தக் கோட்டின்மேலேயே அறுத்துக் கொடுத்தார். வந்து பார்த்தால் உடம்பு நீ காட்டின படத்தில் இருந்ததைவிடப் பருமன். குண்டன் என்று நான் பெயர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. போனில் வீடியோவில் ஒரு ஆள் செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்து, கழுத்தை உடம்போடு சேர்த்து முடுக்கினோம். ஸ்ட்ரிங்கைக் கீழே தாங்குகிற இரும்புத் தகடு, பிரிட்ஜ், அதற்கு அப்பா அளந்து சொன்ன இடத்தில் நான் துளை போட்டேன். கடைசித் திருகைப் பலமாக முடுக்கியபோது மரம் லேசாகக் கீறியது, நான் சொல்லவில்லை.

ஸ்ட்ரிங் மாட்டி, பழைய ரேடியோப் பெட்டியில் சேர்த்து, நாலையும் சுருதி கூட்டியாயிற்று. சும்மா தட்டினால் வீட்டுக் கதவே ம்ம் என்றது. ஆனால் விரலை வைத்து அழுத்தினால் ஒன்றும் சேரவில்லை, எந்த இடத்தில் அழுத்தினாலும் இறங்கின சுருதி. அப்பா பலகையைத் திட்டினார், ஸ்ட்ரிங்கைத் திட்டினார், வாங்கின உன்னையும் சேர்த்துத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நான் முணுமுணுத்தேன், அவர் காதிலும் விழுந்தது. தச்சரைக் கூப்பிட்டோம். அவர் மேலிருந்து பிரிட்ஜ் வரை அளந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இந்த அரை இஞ்ச் எங்கேருந்து வந்தது என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தையலுக்கு விட்டிருக்கிறார் அப்பா. உடம்பைச் சுற்றியும் அரை இஞ்ச், பிரிட்ஜுக்கும் அரை இஞ்ச். வாழ்நாள் முழுக்க விட்ட கை, மரம் என்றா பார்க்கும். மரத்தை மடிச்சுத் தைக்கப் போறியளா என்று தச்சர் கேட்டதும் அப்பா சிரிக்க ஆரம்பித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிரிட்ஜை நகர்த்தலாம் என்றால் மரம் கீறியிருக்கிறது, புதுத் துளை போட்டால் பிளந்துவிடும் என்று தச்சர் சொல்லிவிட்டார், நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பிகள், ஃப்ரெட் என்பாயே, அதுதானே அளவு தப்பினால் காட்டிக் கொடுக்கிறது, அது இல்லாமலேயே பேஸ் உண்டாமே, போனில் அந்த ஆள்தான் சொன்னார். உனக்கு இது தெரிந்திருக்கும், எங்களுக்கு அது பெரிய செய்தி. அப்ப தையலைப் பிரிச்சுட வேண்டியதுதானே என்றார் அப்பா. கம்பிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம், அந்தப் பள்ளத்தில் மெல்லிய மரச்சீவலை வைத்து ஒட்டினோம், காய்ந்ததும் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார் தேய்த்தார், வலது கை ஓய்ந்துபோய்க் கட்டையை இடது கைக்கு மாற்றினார். மாற்றினதே அவருக்குத் தெரியவில்லை. பிடி நழுவியது, மறுபடி பிடித்தார், கட்டை நகர்ந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம், சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

இப்போது தினமும் காலையில் குண்டனை மடியில் வைத்துக்கொள்கிறார். பாட்டு எதுவும் தெரியாது, தெரிந்தது ஒரே வேலைதான். ஒரு ஸ்ட்ரிங்கைச் சும்மா தட்டுவார், அதே சத்தம் அதைவிடத் தடித்த ஸ்ட்ரிங்கில் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று இடது விரலை நகர்த்தித் தேடுவார். கழுத்தில் கம்பி பிடுங்கின இடமெல்லாம் கோடு தெரிகிறது, ஆனால் கோடு பொய், அரை இஞ்சால் வந்த பொய், கீழே வர வர அதிகமாக விலகும். அதனால் காதை நம்பித்தான் தேட வேண்டும். பந்து ஏன் பிடிக்கலை, இது மட்டும் எப்படிப் பிடிச்சது என்று கேட்டேன். பந்து பதில் சொல்லாதுடி, இது தப்புன்னு சொல்லுது, தப்புன்னு சொன்னா விட முடியுமா என்றார். முந்தாநாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டு ஸ்ட்ரிங்கும் ஒரே குரலாகப் பேசின, கொஞ்சம்கூட அலையவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மோதிர விரல் நிமிர்ந்து நின்று அழுத்திக்கொண்டிருக்கிறது. பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச காலத்தில மிஷின்ல உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறாள். முழுசாக வராது என்றும் சொன்னாள், உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கோட் தைக்க முடியாமல் போகலாம். பரவாயில்லை, ஊரில் எத்தனை பேர் கோட் போடுகிறார்கள்.

ஆகவே கண்ணு, வேலையை விடாதே. எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. ஊர் உலகத்தின் சுருதியை எல்லாம் திருத்துகிற வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். வா, கட்டாயம் வா, லீவு போட்டு வா, குண்டன் எப்படிப் பாடுகிறான் என்று கேட்டுச் சொல்ல ஒரு காது வேண்டும், என் காதை அவர் நம்புவதில்லை. நீ அந்த மூட்டையை விட்டுவிட்டுப் போனதற்கும், போடாதே போடாதே என்று என் உயிரை வாங்கினதற்கும் நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்பாய். நான் சொல்கிறேன், வாங்கிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டே தூங்காதே, நாற்காலியை நகர்த்து. நீண்ட ஆயுளோடும் குறையில்லாத உடம்போடும் நீ இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் கேட்பது. இதோடு ஒரு பார்சல் வரும், உன் நீலக் கட்டம் போட்ட சட்டை. உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம், தையலுக்குத் தாராளமாக விட்டிருக்கிறேன் என்று அப்பா சொல்லச் சொன்னார். மேலிருந்து மூன்றாவது பட்டன் கோணலாக இருக்கும், நூல் முடிச்சுகூட வெளியே தெரியும். யாரிடமும் கொடுத்துத் திருத்திவிடாதே. அந்தச் சட்டையில் ஒரு பட்டனைக்கூட நான் தொடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா