பம்ப் அறையின் சாவிகள்

மார்ச் 3
கடைசித் தெருக் குழாயில் இன்றும் குளோரின் இல்லை. அண்ணியிடம் கேட்டேன். "உன் சோதனைக் குப்பிக்கு மூக்கடைப்பு போல" என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா? குடிநீரையும் கழிவுநீரையும் எங்கள் பழங்குடிக் குடியிருப்பே நடத்தும் என்று குடிநீர்த் துறையோடு போராடி வாங்கினோம். அவர்கள் சோதிக்கும் தண்ணீர் மாதிரி இன்னொன்று தேறாவிட்டால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். பம்ப் அறை அண்ணியின் பொறுப்பு. தண்ணீரில் மருந்து வாசனை என்று ஊர் முனகுகிறது. நல்ல பெயருக்காகக் குறைக்கிறாளோ?

மார்ச் 5
சொல்லாமல் போய்ப் பார்த்தேன். குளோரின் அளவைத் திருகும் குமிழ் பாதிக்கும் கீழே. "காலையில சரியாத்தான் வச்சேன். நாத்தனார் எப்போ போலீஸ் ஆனா?" முகத்தில் கூச்சமே இல்லை. தப்பு செய்யாதவள் முகமும் இப்படித்தானே இருக்கும்?

மார்ச் 6
அண்ணனிடம் கேட்கலாமா? வேண்டாம். நேரே அவளிடம் போய்ச் சொல்வான்.

மார்ச் 8
அண்ணி கழிவுநீர்க் குட்டையில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பம்ப் அறையில், பீப்பாய்களுக்குப் பின்னால் — ஐம்பதை நெருங்கும் வயதில்! — ஒளிந்து உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. தையல்காரி. குமிழைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போனாள். பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார், அவரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவர் என் கணவர். எழுந்து நின்றேன்.

"டீ மருந்தா இருக்குடி. கொஞ்சூண்டுதானே..."

ஆளுக்குக் கொஞ்சூண்டு! தான் மட்டும்தான் தொடுகிறோம் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. குழாய் புதைக்கக் குழி வெட்டிய வீட்டுக்கெல்லாம் ஒரு சாவி என்பது ஊர் முடிவு. அண்ணியையா சந்தேகப்பட்டேன்?

மார்ச் 9
எல்லாச் சாவியையும் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "துறைக்காரன் பூட்டி வச்சப்போ குடத்தோட வெளிய நின்னோமே, மறந்துட்டியா? பூட்டுற வேலை நமக்கு வேணாம். ஊரைக் கூப்பிடு."

மார்ச் 10
கூட்டம். "குமிழைத் தொட்டவங்க கையைத் தூக்குங்க" என்றாள் அண்ணி. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். முதலில் என் கணவர் கை. அப்புறம் முக்கால்வாசி ஊர். வாத்தியார் அரைக் கைதான் தூக்கினார். குடத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் வாசனை குறையும் என்று விளக்கினேன். நம்பினார்களா? தெரியவில்லை. சாவிகள் அவரவரிடமே இருக்கின்றன.

மார்ச் 19
துறை எடுத்த மாதிரி தேறியது. சாயங்காலம் பம்ப் அறைக்குப் போனேன். பின்னாலேயே தையல்காரி வந்து நின்றாள்.

"என்னக்கா, தனியா? குமிழைத் தொடலியே?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகும் குமிழைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.